சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு நாற்காலி

புது வீட்டுக்கு அனுமதி கிடைத்த வரைபடத்தில் மொத்தம் ஒன்பது சன்னல்கள் இருந்தன. கிழக்கே ஐந்து, தெற்கே இரண்டு, வடக்கே இரண்டு. மேற்கே, தெருவைப் பார்த்த பக்கம், ஒன்றுகூடக் கிடையாது. ஒரு வாசல் கதவு, உயரத்தில் காற்றுப் போக இரண்டு சிறு துவாரங்கள், அவ்வளவுதான்.

"முன்னாடி நின்னு பாத்தா சப்-ஜெயிலு மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்று எஞ்சினியர் முதல் நாளே சொன்னார். நான் கேட்கவில்லை. ஏசி போட்ட அறையில் உட்கார்ந்து படம் போடுகிறவருக்குத் தூத்துக்குடி மேற்கு வெயிலைப் பற்றி என்ன தெரியும்? மத்தியானம் மூன்று மணிக்குச் சுவரில் ஏறும் சூடு ராத்திரி வரைக்கும் இறங்காது. போதாததற்குத் துறைமுகச் சாலை பக்கத்தில் இருக்கிறது. லாரிகளின் தூசி, நிலக்கரித் தூள், ஹாரன் சத்தம். காலையில் துடைத்த மேசையில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். இப்போது நாங்கள் இருக்கும் வாடகை வீடு பழைய ஊருக்குள், மாதா கோவிலுக்குப் பின் தெருவில் இருக்கிறது. அதில் இருப்பதே ஒரு சன்னல்தான், அதுவும் தெருப்பக்கம். அந்த ஒரு சன்னல் வழியாக வந்த தூசியை நான் என் நுரையீரலில் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்.

கிழக்குப் பக்கம் அப்படி இல்லை. எங்கள் மனையின் பின்னெல்லையைத் தாண்டினால் உப்பளம். உப்பளத்துக்கு அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரியும். துறைமுகத்துக்குள் இடம் கிடைக்கக் காத்திருக்கும் கப்பல்கள் அந்தக் கோட்டின்மேல் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் நிற்கும். உப்பளத்தில் யாரும் வீடு கட்டப்போவதில்லை. அதனால் அந்தக் காட்சியை யாரும் மறைக்கப்போவதில்லை. மனையை வாங்கியதே அதற்காகத்தான்.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலில் ஏறும் மூட்டைகளையும் இறங்கும் மூட்டைகளையும் எண்ணிக் குறிப்பதுதான் வேலை. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்போம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், பழக்கத்திலிருந்து ஓய்வு கிடைக்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். சாப்பிட உட்கார்ந்தால் இட்டலியை எண்ணாமலிருக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருக்கிறது. பழைய ஊரில் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகும்போதெல்லாம் கப்பல்களை எண்ணிவிட்டு வந்து வீட்டில் சொல்வேன். இன்றைக்கு ஒன்பது நிற்கிறது, இன்றைக்குப் பதின்மூன்று நிற்கிறது என்று.

எங்களுக்கு ஒரே மகன். அவனும் கப்பலில்தான் இருக்கிறான். நான் கரையில் நின்று எண்ணியவன், அவன் உள்ளே எஞ்சின் அறையில் இறங்கி வேலை பார்க்கிறவன். ஒருமுறை ஏறினால் மாதக்கணக்கில் இறங்குவதில்லை. நெட் கிடைக்கிற இடத்தில் வீடியோவில் வருவான். முகம் கொஞ்சம் தெரியும், பிறகு சதுரம் சதுரமாக உடையும், பிறகு நின்றுவிடும். நின்றுபோன அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என் மனைவி உட்கார்ந்திருப்பாள். போனை வாங்கி அணைப்பது என் வேலை.

அதனால்தான் கிழக்கே ஐந்து சன்னல் வைத்தேன். நடுக்கூடத்தில் இரண்டு, படுக்கையறையில் இரண்டு, சமையலறையில் ஒன்று. எங்கே உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அவள் கண்ணில் கப்பல் பட வேண்டும். மகன் இருக்கிற கப்பல் வேறு எங்கோ இருக்கலாம். ஆனால் கப்பல் என்று ஒன்றைப் பார்த்தால் அவன் பக்கத்தில் இருப்பதுபோல இருக்குமே. அப்படித்தான் நினைத்தேன்.

அனுமதி முத்திரை விழுந்த வரைபடத்தை அவளிடம் விரித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். விரல் கிழக்குச் சுவர் முழுக்கப் போய்த் திரும்பியது. "நல்லாத்தான் இருக்கு. கட்டுங்க" என்று மடித்துக் கொடுத்துவிட்டாள்.

"கட்டி முடிச்சதும் அடுத்த வாரமே பால் காய்ச்சிட்டுப் போயிரலாம்" என்றேன்.

"நீங்க போய் இருங்க. நான் இங்கனயே வாடகை வீட்டுல கிடக்கேன். ஞாயித்துக்கிழம பூசைக்குப் போயிட்டு வந்து ஒங்களுக்குச் சோறு பொங்கித் தாரேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கார அம்மாவிடம் அவள் அதே வார்த்தையைச் சொல்வது காதில் விழுந்தது. அப்போது அவள் சிரிக்கவில்லை. 

எதிர்த்துப் பேசுகிறவளாக இருந்தால் பரவாயில்லை. நான் தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர்க்காரன். அவள் கடலோரத்துப் புன்னைக்காயல்காரி, மீன்பிடிக்கிற குடும்பம். எங்கள் கல்யாணத்துக்கு அவள் வீட்டிலும் சம்மதமில்லை, என் வீட்டிலும் சம்மதமில்லை. அவர்கள் பேசாத பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து என்னோடு குடித்தனம் செய்தவள். இன்றைக்கும் அவள் கோவிலுக்குள் போவாள், நான் ஸ்கூட்டரோடு வெளியே நின்று டீ குடிப்பேன். ஒரு சண்டை கிடையாது. ஒன்று பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறக்கமாட்டாள், அவ்வளவுதான். என்ன பிடிக்கவில்லை என்பதை நாம்தான் துழாவிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே துழாவ ஆரம்பித்தேன். எஞ்சினியரிடம் போனேன். அவர் நாற்பது வயதுக்காரர், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் அலுவலகம் வைத்திருக்கிறார். நல்ல மனிதர், கொஞ்சம் வாய்.

"முகப்புல கொஞ்சம் மாத்தணும். அனுமதி வாங்கின பொறவு மாத்தலாமா?" என்று கேட்டேன்.

"கட்டடத்தோட அளவு, உயரம், சுத்தி விட்டிருக்க எடம், இந்த மூணுல மட்டும் கை வைக்காதிய அண்ணாச்சி. மத்தபடி மொகத்துக்குப் பவுடர் போடுததுன்னா எத்தன தடவ வேணும்னாலும் போடலாம். ஆனா அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுததுக்கு முன்னாடி சொல்லிருங்க. பொறவு சொன்னா, நான் அழிக்க ரப்பர் கொண்டு வரமுடியாது, கடப்பாறதான் கொண்டு வரணும்."

முதலில் படியை மாற்றினேன். அவளுக்கு முட்டுவலி, அதை மனத்தில் வைத்துப் பேசாமல் இருக்கிறாள் என்று தோன்றியது. வாசலில் நான்கு படி இருந்ததை உயரம் குறைத்து ஆறாக்கி, பிடித்து ஏற ஒரு கம்பியும் போடச் சொன்னேன். புதுப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"எனக்கு முட்டு நல்லாத்தான் இருக்கு. கம்பி ஒங்களுக்கு வேணும்னா வைங்க" என்றாள்.

அடுத்தது குருசு. அவள் ஊரில் வாசல் நிலைக்கு மேலே சிலுவை வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். என் பெயரில் இருக்கும் வீட்டில் அதைக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருக்கலாம் அல்லவா? கதவுக்கு மேல் சிமெண்டில் ஒரு மாடம், அதற்குள் குருசு, அதற்கு ஒரு விளக்கு என்று வரையச் சொன்னேன். அதையும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். கண் கொஞ்சம் கலங்கியது. "குருசு வீட்டுக்குள்ள இருந்தா போதும். தெருவுக்கு எதுக்கு? ஆனா இதை வச்சிருங்க, அழிக்காண்டாம்" என்றாள். எனக்கு நம்பிக்கை வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்கார அம்மாவிடம், "நாங்க எங்க போவப் போறோம், இங்கனதான் கிடப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு வெளிப்பூச்சு நிறத்தை மாற்றினேன். கைப்பிடிச் சுவரில் வட்ட வட்டமாகத் துளை வைத்தேன், பிறகு அதை அடைத்தேன். காம்பவுண்டு கேட்டை இடமிருந்து வலம் கொண்டுபோனேன். கிழக்குச் சன்னல்களை இன்னும் அகலமாக்கினேன். எஞ்சினியர் ஒவ்வொரு முறையும் புதுப் படம் போட்டார். ஐந்தாவது முறை, "அண்ணாச்சி, கட்டாத வீட்டுக்கு இத்தன தடவ வெள்ளையடிச்சது தமிழ்நாட்டுலயே நீங்க ஒருத்தர்தான். மைனிகிட்ட நேரா கேட்டுர வேண்டியதான?" என்றார்.

"கேட்டா நல்லாத்தான் இருக்குங்கா."

"அப்பம் நல்லாருக்குன்னு வச்சுக்கிட வேண்டியதான?"

அவருக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம்தான் ஆகிறதாம்.

மனையில் அளவு போடுகிற நாள் வந்தது. முளையடித்து, நூல் கட்டி, நூல் வழியே சுண்ணாம்புத் தூளைக் கொட்டிச் சுவர் எங்கெங்கே வரும் என்று கோடு போடுவார்கள். மறுவாரம் வானம் தோண்ட வேண்டும். அன்றைக்கு அவளை வற்புறுத்தி ஆட்டோவில் கூட்டிப்போனேன். வீட்டிலிருந்த நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன்.

கொத்தனாரும் இரண்டு ஆட்களும் கோடு போட்டு முடித்தார்கள். வெறும் மண்ணில் வெள்ளையாக ஒரு வீடு. இது கூடம், இது அறை, இது அடுப்படி என்று அவளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு காட்டினேன். பிறகு நாற்காலியைக் கூடத்தின் நடுவில், கிழக்கே பார்த்துப் போட்டு உட்காரச் சொன்னேன். குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வடகிழக்கு மூலையில் முளை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். நாற்காலி மேற்கே பார்த்திருந்தது.

காலை வெயில் கண்ணில் அடிக்கிறது போல என்று நினைத்தேன். நாற்காலியைத் தூக்கிப் படுக்கையறைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஓர் உடைமரத்தின் நிழல் விழுந்தது. மறுபடியும் கிழக்கே பார்த்துப் போட்டேன். உட்கார்ந்தாள். நான் கொத்தனாரிடம் கழிவுக்குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுவிட்டு வருவதற்குள் நாற்காலி மறுபடியும் திரும்பியிருந்தது. நிழலில் இருந்தவள் நிழலைவிட்டு விலகி வெயிலில் உட்கார்ந்திருந்தாள், தெருவைப் பார்த்து.

மூன்றாவது முறை நானே நாற்காலியின் முதுகைப் பிடித்துத் திருப்பினேன். அளவு சரிபார்க்க வந்திருந்த எஞ்சினியர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மைனி, நாற்காலி மிக்ஸி மாதிரி சுத்துது? காத்து எந்தப் பக்கம்னு பாக்கியளா?"

அவள் கழுத்தைத் திருப்பித் தெருவைப் பார்த்தாள். எனக்குப் பொறுமை போயிற்று. "ஏளா, அங்கன என்னதான் இருக்கு? ஒரு டிரான்ஸ்பார்மரு, ரெண்டு நாயி."

"மூணு நாயி" என்றாள்.

"இந்தப் பக்கம் பாரு. கடலு. எப்பிடிக் காத்து வருது, பாரு. இன்னைக்குப் பதினோரு கப்பலு நிக்கு. இங்கனயிருந்தே எண்ணலாம். ஒண்ணு, ரெண்டு..."

"எண்ணாதிய."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. எஞ்சினியர், கொத்தனாரிடம் ஏதோ அவசரமாகக் கேட்க வேண்டியவர்போலத் தெருப் பக்கம் போய்விட்டார்.

"எண்ணாதிய. நான் எத்தனையோ வருஷமா சொல்லணும்னு நெனச்சது. ஒங்களுக்குச் சோறு போட்ட தொழிலு அது, அதனால வாயத் தொறக்கல. எங்க வீட்டுல கடல்ல கிடக்கத எண்ணமாட்டோம். அப்பாவும் அண்ணன்மாரும் தொழிலுக்குப் போயிருக்கையில எத்தன வள்ளம் போயிருக்கு, எத்தன பேரு போயிருக்காவன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாவ. பிள்ளைங்க வாய் தவறி எண்ணிட்டாக்கூட அம்ம வாயிலயே போடுவா. கரையேறுன பொறவு எண்ணிக்கிடலாம். அதுக்கு முன்னாடி எண்ணுனா, ஒண்ணு கொறஞ்சிரும்னு பயம்."

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடியே நின்றேன்.

"தொழிலுக்குப் போனதும் அம்ம கடல் பக்கத்துக் கதவச் சாத்திருவா. முன்பக்கம் வந்து தெருவப் பாத்து உக்காந்துக்கிடுவா. வலைய முடிவா, பக்கத்து வீட்டுக்காரிய வைவா, போறவன வாறவன கேலி பேசுவா. கடலுக்குப் போனவன் கடல் வழியா வீட்டுக்குள்ள வாறதில்ல, தெரு வழியாத்தான் வருவான்னு சொல்லுவா. அவ சொன்ன மாதிரியே தெரு வழியாத்தான் வந்தாவ."

"இப்பம் நம்ம பிள்ள கிடக்கான் கடல்ல" என்றாள். "நீங்க காலையில வந்து இன்னைக்கு இத்தன நிக்குன்னு சொல்லும்போதெல்லாம் நான் அடுப்படிக்குப் போயிருவேன், பாத்திருக்கியளா? இங்கன அஞ்சு சன்னல வச்சி என்னையக் கடலப் பாத்து உக்கார வச்சிட்டு, நீங்க பக்கத்துல உக்காந்து எண்ணப் போறிய. எனக்கு நெஞ்சு அடச்சிரும். ஆசையா கட்டுதிய, அத எப்பிடிச் சொல்ல? அதான் நான் வரலன்னேன்."

எங்கள் ஊரில் எண்ணுவது நல்ல காரியம். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்றுகூடச் சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். லாபம், ரெண்டு, மூணு. எண்ணினால்தான் பெருகும், எண்ணினால்தான் நம்முடையது என்று வளர்ந்தவன் நான். மகன் இருக்கும் திசையைப் பார்த்து எண்ணுவது எனக்கு ஒருவிதமான பூசை. ஒரே வீட்டில் இத்தனை காலம், ஒருவர் பூசை செய்ய, ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போயிருக்கிறோம்.

 நாற்காலியைத் திருப்பினேன். மேற்கே பார்த்துப் போட்டேன். பிறகு, "சன்னல் எங்கன வேணும்?" என்று கேட்டேன்.

அவள் எழுந்தாள். குடையை மடக்கினாள். கூடத்தின் மேற்குக் கோட்டருகே போய்க் குடையின் நுனியால் மண்ணில் இரண்டு கீறல் போட்டாள். "இங்கனயிருந்து இதுவரைக்கும். நான் உக்காந்தா தெருமுக்கு தெரியணும்."

எஞ்சினியரைக் கூப்பிட்டேன். அவர் கீறலைப் பார்த்தார், தெருமுக்கைப் பார்த்தார். "இதத்தான மைனி நான் மொத நாளே சொன்னேன்? ஜெயில ஒடச்சிட்டிய" என்றார். கிழக்கே இருந்த ஐந்தையும் எடுத்துவிடச் சொன்னேன். அவர் காற்று வேண்டும் என்றார். அறைகளுக்கு உயரத்தில் சிறிய சன்னல்கள் போதும், உட்கார்ந்தால் வானம்தான் தெரியும் என்று முடிவாயிற்று.

"ஒண்ண மட்டும் பெரிசா விடுங்க" என்றாள் மனைவி.

"எதுக்கு?"

"ஒங்களுக்கு. நீங்க கடலப் பாக்காம இருப்பியளா? எண்ணாம பாக்க முடியுதான்னு பாருங்க."

பழைய ஊரில் நடக்கப் போகும்போது அன்றிலிருந்து முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறேன். பெரும்பாலும் ஏழு எண்ணியதும் கண்டுபிடித்து நிறுத்திவிடுகிறேன்.

சன்னலை இடம் மாற்றுவது சொல்லச் சுலபமாக இருந்தது. என் மேற்கு வெயில் என்ன ஆவது? அவள் சாயங்காலம் அங்கே உட்காருவாள், வெயில் நேராக முகத்தில் அடிக்கும். சன்ஷேடை நீளமாக வைக்கலாம் என்றால், எஞ்சினியர் தலையை ஆட்டினார். "நீட்டுனா, காலியா விட்டிருக்க எடத்துக்குள்ள வந்து நிக்கும். அதுல கை வைக்கக் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேம்லா." அவர் சொன்ன அளவுக்கு வைத்தால் நான்கு மணி வெயிலுக்கே தாங்காது. ஸ்கேலை வைத்துப் பழைய காலண்டர் தாள்களின் முதுகில் வரைந்து வரைந்து பார்த்தேன். எப்படிப் போட்டாலும் வெயில் அவள் மடிவரை வந்தது. மூங்கில் தட்டி கட்டலாம் என்றார் கொத்தனார். தட்டி கட்டினால் தெரு எப்படித் தெரியும்? ரத்த அழுத்த மாத்திரையை அந்த வாரம் இரண்டு நாள் மறந்துவிட்டேன். மறந்ததற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வழி தோன்றியது ஒரு கப்பலின் ஞாபகத்தில். மேல்தளத்தில் மூட்டை எண்ணுகிறவனுக்கு நிழல் கிடையாது. இரும்புத்தகடு காய்ந்து செருப்பு வழியே சுடும். ஒதுங்க ஒரே இடம், அறைகளின் கதவுகள் சுவரிலிருந்து உள்ளடங்கி இருக்கும் இடுக்குதான். அதற்குள் முதுகை வைத்து நின்றுகொண்டால் எதிரே நடப்பதெல்லாம் தெரியும், வெயில் நம்மேல் படாது. எத்தனை கப்பலில் அப்படி நின்று எண்ணியிருக்கிறேன்! கூரையை வெளியே நீட்ட முடியாவிட்டால் சன்னலை உள்ளே தள்ளிவிட்டால் என்ன?

மறுநாள் காலை அலுவலகம் திறப்பதற்கு முன்பே ஜெராக்ஸ் கடை வாசலில் போய் நின்றேன். எஞ்சினியர் என் காலண்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சன்னல ரெண்டடி உள்ள தள்ளி, உள்பக்கம் கீழ உக்கார மேடை. ரெண்டு பக்கமும் சுவரு வெயில அடைக்கும். மேல தளமே நிழலு. அண்ணாச்சி, இது நல்லா இருக்கே! எங்கன பாத்திய?"

"கப்பல்ல."

"அப்ப கடலயும் வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டிய. மைனிகிட்ட சொல்லிராதிய."

கூடம் கொஞ்சம் சுருங்கியது. அளவு கூடவில்லை, குறையத்தான் செய்கிறது என்றாலும் சும்மா கட்டிவிட வேண்டாம், திருத்திய படத்தைக் கொடுத்துவிட்டே கட்டுவோம் என்றார். கொடுத்தோம். அது திரும்பி வருகிறவரை நான் யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. மாற்றத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று வந்தது. எஞ்சினியர்தான் முதலில் ஒரு பெருமூச்சு விட்டார்.

கொத்தனார் மறுபடி வந்து பழைய கோட்டைக் காலால் அழித்துவிட்டுப் புதுக்கோடு போட்டார். மேற்குக் கோடு இப்போது நேராக இல்லை. நடுவில் உள்ளே வளைந்து ஒரு பெட்டிபோல ஒதுங்கி, மறுபடி வெளியே வந்து ஓடியது. மறுநாள் காலை வானம் தோண்ட வேண்டும். சாயங்காலம் நான் முளைகளைச் சரிபார்க்கக் கிளம்பியபோது, "இருங்க, நானும் வாறேன்" என்று அவளே செருப்பை மாட்டிக்கொண்டாள். நாற்காலியையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

போனதும் நாற்காலியை அந்த ஒதுக்கையொட்டிக் கோட்டுக்கு உள்பக்கம் போட்டாள். தெருவைப் பார்த்து உட்கார்ந்து, பக்கத்தில் குடையைச் சாய்த்து வைத்தாள். நான் கோட்டுக்கு வெளியே வடக்குப் பக்கம் போய் முளைகளை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முளை ஆடியது. சுத்தியலால் மறுபடி அடித்து இறக்கினேன். தெருவில் ஒரு பள்ளிக்கூட ஆட்டோ போயிற்று. அதிலிருந்த பிள்ளைகள் வெட்டவெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் கையாட்டின. அவளும் ஆட்டினாள்.

பிறகு டிவிஎஸ் வண்டியில் ஐஸ் பெட்டி கட்டிய மீன்காரன் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான்.

"ஏலே, நில்லு. என்ன மீனு?"

"சாளை, ஊளி, கொஞ்சம் நண்டும் கிடக்கு ஆச்சி."

"சாளை இன்னைக்கு உள்ளதா, நேத்து உள்ளதா?"

"இப்பந்தான் கரையேறிச்சி ஆச்சி. கண்ணப் பாருங்க, ஒங்களயே பாக்கும்."

"நீ மேல கிடக்கத எடுத்துக் காட்டுத. அடியில கிடக்கத எடு, அது யாரப் பாக்குன்னு பாப்போம்."

அவன் சிரித்துக்கொண்டு அடியிலிருந்து எடுத்தான். "நீங்க நம்ம ஆளுதான் போல. இந்தப் பக்கம் பாத்ததே இல்லையே, வீடு எது?"

"இதுதாம்லே எங்க வீடு."

அவன் இடமும் வலமும் பார்த்தான். "எது?"

"நான் உக்காந்திருக்கது சன்னலு. அந்தா கோடு விட்டிருக்குல்லா, அது வாசலு. கட்டி முடிச்ச பொறவு தெனமும் வந்து இங்கன நின்னு ஹாரன் அடி. பழைய மீனக் கொண்டு வந்தா சன்னல் வழியா மூஞ்சில எறிவேன்."

"அப்பம் இன்னைக்கு மீன சன்னல் வழியாத் தரவா, வாசல் வழியாத் தரவா?"

"சன்னல் வழியாவே தா. இன்னும் கம்பிக் கிராதி போடல."

அவன் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு வந்து, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டிப் பையைக் கொடுத்தான். அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"இங்க பாருங்க, மீனு வாங்கியிருக்கேன். பிடிங்க" என்று என்னைக் கூப்பிட்டாள்.

கையிலிருந்த சுத்தியலைப் போட்டுவிட்டு, இருந்த இடத்திலிருந்து நேராக அவளை நோக்கி நடந்தேன்.

"எங்க வாரிய? சுவத்துக்குள்ள நடந்து வாரிய. வாசல் வழியா வாங்க."

மீன்காரன் வாயைப் பொத்திக்கொண்டான். நான் கோட்டுக்கு ஓரடி இந்தப் பக்கம் நின்றேன். பின்வாங்கி, மூலை முளையைச் சுற்றித் தெருப்பக்கம் வந்தேன். வாசலுக்கு விட்டிருந்த இடைவெளிக்கு முன்னால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன்.